அக்கினி மூலையை நோக்கி

2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ம் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியது. அந்த இரவைக் கடற்கரை ஜனங்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். புயல் ஓய்ந்து சில தினங்களுக்குப் பின், திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஒரு சிற்றூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். வாசலில் இரண்டு தென்னைகள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் கூடத்திலிருந்த டெலிவிஷன் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

"பொட்டி செத்துப் போச்சு தம்பி. அடுத்த புயல் எங்கே நிக்குதுன்னுகூடத் தெரியலை. ரிப்பேர்க்காரர் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்றார்" என்றார் நண்பரின் தாயார்.

நாம் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தோம். டிஷ் இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டில் நெளிவு இல்லை, கம்பி அறுபடவில்லை. என்ன கோளாறு என்று நமக்கு விளங்கவில்லை. படித்தவர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஏறிய நாம், ஏறியபடியே இறங்கி வந்தோம். ஒன்பதாம் நாள் ரிப்பேர்க்காரர் வந்தார். பத்து நிமிஷ வேலை. தட்டை இரண்டு விரற்கடை திருப்பினார், நட்டுகளை இறுக்கினார், படம் வந்துவிட்டது.

அந்த வீட்டில் எந்தப் பொருளும் பழுதாகவில்லை. பழுதாயிருந்தது நமது அறிவுதான். இரண்டு விரற்கடைக்காக ஒரு குடும்பம் ஒன்பது நாள் செய்தி அறியாமல் காத்திருந்தது. புயற் காலத்தில், கடற்கரையில், இது சிறிய விஷயம் அன்று. அன்று முதல் இந்த வித்தையைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தோம். கற்றதை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலே இருப்பது என்ன?

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை ஏவிவிட்டால், அது பூமி சுழலும் வேகத்துக்குச் சமமாகவே சுற்றி வரும். ஆகவே கீழே நிற்கும் நமக்கு அது வானத்தில் ஓரிடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்பதாகத் தோன்றும். ஒரு தடவை சரியாகக் குறி வைத்த டிஷ்ஷை மறுபடி அசைக்க வேண்டாததன் ரகசியம் இதுதான்.

இப்படிப்பட்ட கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-ம் வருஷத்திலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கில ஆசிரியர். பிற்பாடு அவர் இலங்கையில் குடியேறினார். 1975-ல் நமது விண்வெளி ஆராய்ச்சி நிலையத்து என்ஜினீயர்கள் கொழும்பிலிருந்த அவர் வீட்டிலேயே ஒரு பெரிய டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கைக்கு டெலிவிஷன் வருவதற்கு முன்பே நடந்த சங்கதி இது.

அதே வருஷம் ஆகஸ்டு 1-ம் தேதி இந்தியாவில் ஒரு பெரும் பரிசோதனை தொடங்கியது. அமெரிக்கக் கோள் ஒன்றை ஓராண்டுக்கு வாங்கி, ராஜஸ்தான், பீகார், ஒரிஸ்ஸா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு ராஜ்யங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரே டெலிவிஷன் காட்டினார்கள். அதற்குப் பயன்பட்ட டிஷ் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் ஆனது; குறுக்களவு மூன்று மீட்டர். சென்னை டெலிவிஷன் நிலையம் திறந்ததும் அதே மாதம் 15-ம் தேதிதான். ஆனால் அது தரைக் கோபுரத்து ஒலிபரப்பு. அந்த மூன்று மீட்டர் வலை இன்று 60 சென்டிமீட்டர் தட்டாகச் சுருங்கிவிட்டது. 

மாதச் சந்தா இல்லாமல் யாரும் பெறக்கூடிய தூர்தர்ஷன் சேவை 2004 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. இப்போது அதற்கு டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர். அதைச் சுமந்து நிற்பது ஜிஸாட்-15 என்ற கோள். இந்தியாவில் செய்யப்பட்டு, 2015 நவம்பர் 11-ம் தேதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. அது நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. அதைப் பிடிப்பது எப்படி என்பதே இனி விஷயம்.

வேண்டிய சாமான்கள்

60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று. அதன் கைநுனியில் பொருத்தும் எல்.என்.பி. என்ற சிறு கருவி, ஃப்ரீ டிஷ்ஷுக்கான செட்டாப் பாக்ஸ், ஆர்.ஜி.6 என்ற கேபிள். அதன் இரு முனைக்கும் எஃப் கனெக்டர்கள். ஒரு ஸ்பேனர், ஒரு திசைகாட்டி, கொத்தனாரிடமிருந்து இரவல் வாங்கிய ரசமட்டம். அவ்வளவுதான். சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பிறகு மாதா மாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

வாங்கும்போது தட்டின் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். ஆகவே தட்டில் ஒரு சிறு ஒடுக்கு இருந்தாலும் அலைகள் குவிய வேண்டிய இடத்தில் குவியாது. கடற்கரைவாசிகள் துத்தநாகம் பூசிய கம்பமும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளும் கேட்டு வாங்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரத்தில் துருவேறி இறுகிவிடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இடம் தேர்தல்

செங்கற்பட்டு ஜில்லாவில் எங்கிருந்து பார்த்தாலும் ஜிஸாட்-15 தென்கிழக்கில் நிற்கிறது. திசைகாட்டியில் வடக்கிலிருந்து கிழக்காக எண்ணி ஏறக்குறைய 132 பாகை. நம் வீடுகளில் அடுப்படி வைக்கும் அக்கினி மூலை என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம். உயரமோ, அடிவானத்திலிருந்து 68 பாகை. அதாவது உச்சந்தலைக்கு வெகு சமீபம். கொளவாய் ஏரிக்கரையில் நின்றாலும் கடற்கரைக் கோயிலருகே நின்றாலும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இவ்வளவு உயரத்தில் இருப்பது நமது அதிர்ஷ்டம். மரங்கள் அவ்வளவாக மறைக்க மாட்டா. தென்கிழக்கில் உள்ள மரம் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்திருந்தால், அதன் மட்டை நுனியிலிருந்து 4 மீட்டருக்கு அப்பால் டிஷ் இருக்க வேண்டும். 5 மீட்டர் உயரமானால் 2 மீட்டர் போதும். வளரும் கன்றுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திசையைச் சூரிய பகவானே காட்டிக் கொடுக்கும் நாட்களும் உண்டு. மார்ச் 14, 15 தேதிகளில் முற்பகல் 11.15 மணியளவிலும், செப்டம்பர் 28, 29 தேதிகளில் 11 மணியளவிலும், சூரியன் இந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அப்போது மாடியில் ஒரு மீட்டர் கம்பை நேராக நிறுத்தினால் 40 சென்டிமீட்டர் நிழல் விழும். நிழலின் நுனியிலிருந்து கம்பின் தலைக்கு ஒரு கோடு இழுத்தால் அது கோளைத் தொடும். நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் அந்த நேரம் வெயில் விழுந்தால், அந்த இடம் தகுந்தது. மரநிழல் விழுந்தால் வேறிடம் பாருங்கள். சூரியனை வெறும் கண்ணால் நோக்க வேண்டாம். நிழலைப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று. மின்சாரக் கம்பி போகும் பக்கத்தில் ஒருபோதும் டிஷ் வைக்கலாகாது. இரும்புக் கம்பம் தவறிக் கம்பியைத் தொட்டால் உயிருக்கு அபாயம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் தனியாக வேலை செய்யவும் வேண்டாம்.

நிறுவுதல்

முதல் வேலை கம்பத்தை நேர்குத்தாக நிறுத்துவது. இதைத்தான் அநேகர் அலட்சியம் செய்கிறார்கள். கம்பம் சாய்ந்திருந்தால், தட்டைப் பக்கவாட்டில் திருப்பும்போதே அதன் உயரமும் மாறிக்கொண்டு வரும். தேடுவது முடிவில்லாத வேலையாகிவிடும். ரசமட்டத்தைக் கம்பத்தின் இரண்டு பக்கங்களிலும் வைத்துப் பார்த்து, ஆங்கர் போல்ட்டுகளைச் சிமெண்டுத் தளத்தில் இறுக்குங்கள். பொரிந்த செங்கல் சுவரில் அடித்த போல்ட் முதற் காற்றுக்கே கழன்றுவிடும்.

அடுத்தது உயரக் கோணம். டிஷ்ஷின் முதுகில் பாகைகள் பொறித்த தகடு இருக்கும். முள்ளை 68-ல் வையுங்கள். அப்படி வைத்த பிறகு பார்த்தால் தட்டு அவ்வளவு மேல்நோக்கி இராது. பாதி அளவே சாய்ந்தாற்போலத் தோன்றும். பயப்பட வேண்டாம். இந்த வகை டிஷ் கீழிருந்து ஒருக்களித்து அலையை வாங்கும்படி செய்யப்பட்டது. கண் சொல்வதை நம்பாமல் தகடு சொல்வதை நம்புங்கள்.

மூன்றாவது, எல்.என்.பி.யின் முறுக்கு. இதுதான் நம்மை முதலில் ஏமாற்றியது. கோள் நமக்கு நேர் தெற்கில் இராமல் கிழக்கே தள்ளி நிற்பதால், அதன் அலைகள் நமக்குச் சாய்வாக வந்து சேருகின்றன. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்.என்.பி.யை இடப்புறச் சுழற்சியாக ஏறக்குறைய 45 பாகை திருப்ப வேண்டும். வட இந்தியாவில் எடுத்த படங்களைப் பார்த்து அப்படியே வைத்தால் இங்கே சரிப்படாது.

கேபிளை மாட்டும்போது செட்டாப் பாக்ஸின் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கேபிளின் வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் எல்.என்.பி.க்கு ஏறுகிறது. நடுக்கம்பி வெளிவலையைத் தொட்டால் கருவி கெடும். எல்.என்.பி.யிலிருந்து வரும் கேபிள் சற்றுக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

தேடுதல்

இனி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாடியில், ஒருவர் பெட்டிக்கு முன்னால். டெலிவிஷனில் செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று பலம், மற்றொன்று தரம். புதிதாகச் செய்பவர்கள் பலத்தைப் பார்த்து மகிழ்ந்து போவார்கள். எல்.என்.பி. இணைந்திருந்தாலே பலம் ஓரளவு காட்டும். அதற்கு அர்த்தம் அதிகமில்லை. தரம் என்ற கோடு எழுந்தால்தான் சரியான கோள் சிக்கியது என்று பொருள்.

தட்டைத் தென்கிழக்கில் நிறுத்தி, இடமும் வலமும் மிக மெள்ள நகர்த்துங்கள். எவ்வளவு மெள்ள? 60 சென்டிமீட்டர் தட்டின் விளிம்பு அரைச் சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு பாகை ஆகிவிடும். அந்த ஒரு பாகை 36,000 கிலோமீட்டருக்கு மேலே போய்ச் சேரும்போது அறுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமாகிவிடுகிறது; செங்கற்பட்டிலிருந்து கன்னியாகுமரி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரற்கடை திரும்பிய தட்டு ஏன் ஊமையாயிற்று என்பது இப்போது விளங்கும்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பின் மூன்று நான்கு விநாடி பொறுங்கள். பெட்டி யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் வேண்டும். ஒரு சுற்றில் அகப்படாவிட்டால் உயரக் கோணத்தை ஒரு பாகை மாற்றி மறுபடி தேடுங்கள். தரம் தோன்றியதும், அது உச்சத்தைத் தாண்டி இறங்கும்வரை போய், உச்சத்துக்குத் திரும்பி வாருங்கள். பக்கவாட்டிலும் உயரத்திலும் எல்.என்.பி. முறுக்கிலும் இப்படியே செய்யுங்கள். பிறகு நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றையே முழுக்க இறுக்கினால் தட்டு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இப்போது இக்கட்டுரையிலேயே மிக முக்கியமான காரியத்தைச் சொல்கிறோம். அதற்கு வேண்டியது ஒரு தூரிகையும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்டும். கம்பமும் டிஷ்ஷின் பிடியும் சேரும் இடத்தில், இரண்டின் மீதும் விழும்படி ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். உயரக் கோணத்துக்கும் எல்.என்.பி.க்கும் அப்படியே ஒவ்வொரு கோடு. இனி எந்தக் காற்று தட்டைத் திருப்பினாலும், கோட்டோடு கோடு சேர்த்தால் படம் திரும்பி வந்துவிடும். அந்த ஒன்பது நாட்களுக்கு மருந்து இந்தக் கோடுதான்.

பராமரிப்பு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தட்டை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்குங்கள். கனெக்டர்களின் மேல் ரப்பர் நாடா சுற்றுங்கள். இடிக்காகக் கம்பத்தைத் தரையில் புதைத்த கம்பியோடு இணைப்பது நலம். இடி மின்னல் வேளையில் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது அதைவிட நலம். புயல் அடிக்கும்போது எக்காரணம் கொண்டும் மாடி ஏற வேண்டாம்.

கனமழையில் சில நிமிஷம் படம் உறைந்து நின்றால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். மழைத்துளிகள் அலையை விழுங்குகின்றன. மழை விட்டதும் தானே வரும். மேலே சொன்ன மார்ச், செப்டம்பர் நாட்களில் முற்பகல் சில நிமிஷம் படம் போனாலும் கவலை வேண்டாம். கோளுக்குப் பின்னால் நிற்கும் சூரியனின் இரைச்சல் அது. இவ்விரண்டும் தெரியாமல் ஸ்பேனரை எடுத்தவர்கள் நல்ல டிஷ்ஷைக் கெடுத்துக்கொண்டவர்கள்.

ஜிஸாட்-15-ன் ஆயுள் 12 வருஷம் என்று திட்டமிடப்பட்டது. ஒரு நாள் அதற்குப் பதில் வேறு கோள் வரும். அது வேறிடத்தில் நின்றால் ஒவ்வொரு வீட்டிலும் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். கைவேலை தெரிந்த வீடு அன்று யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஒரு மனக்குறை

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த வானத்தில் நாம் பார்ப்பது என்ன? டி.டி. தமிழ் இருக்கிறது, 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்ததுதான் அது. பள்ளிப் பாட அலைவரிசைகள் இருக்கின்றன. வானொலி நிலையங்களும் உண்டு. ஆனால் தனியார் அலைவரிசைகள் இங்கே ஏலத்தில் இடம் பிடிக்க வேண்டும். அந்த ஏலத்தில் ஹிந்தி அலைவரிசைகளே பெருவாரியாக இடம் பிடித்திருக்கின்றன. தமிழுக்குக் கிடைத்திருப்பது சொற்பம். பொதுப் பணத்தில் ஏறிய கோள் எல்லாப் பாஷைக்கும் பொது. தமிழ்க் குடும்பங்கள் மாடியில் தட்டை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதினால் நியாயம் கிடைக்க வழியுண்டு. தட்டே இல்லாத வீட்டின் குரல் எந்தச் சபையில் ஏறும்?

இது நிற்க. கற்றுக்கொண்டபின் நண்பர் வீட்டுக்கு நாம் மறுபடி போனோம். நண்பரின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ரசமட்டத்தை அவனே பிடித்தான். பெயிண்டுக் கோட்டையும் அவனே இழுத்தான். பாட்டி கூடத்தில் உட்கார்ந்து, "ஏறுது, ஏறுது, ஐயையோ இறங்கிடுச்சு" என்று தரக் கோட்டை எங்களுக்குக் கத்திச் சொன்னார்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. இரண்டு நாட்கள் சென்றபின் அந்தப் பையன் நமக்கு டெலிபோன் செய்தான்.

"மாமா, டிஷ் திரும்பியிருந்தது. காற்று நின்றதும் அப்பாவோடு மேலே போய்க் கோட்டோடு கோடு சேர்த்தேன். பாட்டி செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றான்.

"எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டோம்.

"பத்து நிமிஷங்கூட ஆகவில்லை மாமா. பக்கத்து வீட்டு டிஷ்ஷும் திரும்பியிருக்கிறது. அங்கேதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் பெயிண்டு இல்லையாம். நம் டப்பாவை எடுத்துக்கொண்டேன்."